கோடு அச்சில், வண்ணம் கையில்

வாழ்த்து அட்டை செய்ய உட்காருகிறவர் முதலில் தேட வேண்டியது ஆளை. படம் பிறகு வரும். இந்த அட்டை யார் கைக்குப் போகப்போகிறது, அவர் அதை எங்கே வைத்துப் பார்ப்பார், கண்ணாடி போட்டுக்கொண்டா போடாமலா, உறையைச் சட்டென்று கிழிக்கிறவரா, ஓரமாகக் கத்தரித்துப் பிரிக்கிறவரா என்று கொஞ்ச நேரம் யோசித்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. டிஜிட்டல் ஸ்டாம்புகளோடு பழகிய பிறகு இந்த எண்ணம் எனக்கு இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது.

டிஜிட்டல் ஸ்டாம்ப் என்பது கணினிக் கோப்பாக வரும் கோட்டோவியம். கறுப்புக் கோடு மட்டும் இருக்கும். உள்ளே வண்ணம் இருக்காது. வேண்டிய அளவில் அச்சிட்டு, மார்க்கராலோ கலர் பென்சிலாலோ நீர்வண்ணத்தாலோ நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். ரப்பர் ஸ்டாம்பில் படத்துக்கு ஒரே அளவு, ஒரே திசை. வலது பக்கம் பார்க்கும் குருவி கடைசிவரை வலது பக்கமே பார்க்கும். கோப்பாக வரும் குருவியைத் திருப்பலாம், பெரிதாக்கலாம், கால்களை அழித்துவிட்டு ஒரு பூத்தொட்டிக்குப் பின்னால் உட்கார வைக்கலாம். ஆளுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கிறது என்பதைத்தான் இதன் பெருமையாக நினைக்கிறேன். ஒரே மூச்சில் ஐம்பது பிரதி எடுக்கலாம் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

*

அச்சிட்ட கோட்டுக்குள் கையால் வண்ணம் தீட்டுவது பழைய வேலை. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லியைக் கொண்டு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை வரையச் செய்தார். விற்பனைக்கு அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஏறக்குறைய 1,000 பிரதிகள். விலை ஒரு ஷில்லிங். கோடுகள் கல்லச்சில் விழுந்தன, வண்ணம் கையால் தீட்டப்பட்டது. ஒரே கல்லிலிருந்து வந்த கோடுகள்தான்; ஆனாலும் தூரிகை பிடித்த கை ஒவ்வொரு பிரதியிலும் ஒவ்வொரு விதமாகத் தயங்கியிருக்கும், அழுத்தியிருக்கும். இரண்டு பிரதிகள் அப்படியே ஒன்றாக இருந்திருக்க வழியில்லை.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு சொந்தம் உண்டு. 1894இல் மும்பையில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் வீடுகளுக்கு வந்தபோது, சிலர் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியதோடு நிற்கவில்லை. புடவையின் மேல் நிஜத் துணியை ஒட்டினார்கள், கரையில் ஜரிகை தைத்தார்கள், நகைக்கு மணி கோத்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த அப்படிப்பட்ட படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அச்சில் வந்த முகம் எல்லா வீட்டிலும் ஒன்று, உடுத்திய புடவை அந்த வீட்டினுடையது.

அதே காரியத்தை அட்டையில் செய்யலாம். பாவாடை கட்டிய ஒரு சிறுமியின் படத்தை இரண்டு பிரதி அச்சிட வேண்டும். ஒன்றில் பாவாடையின் வடிவத்தை மட்டும் வெட்டி அதை அளவுத்தாளாக வைத்து, பழைய பட்டுத் துண்டிலோ சுங்குடித் துண்டிலோ வரைந்து வெட்டி, இன்னொரு பிரதியில் அதே இடத்தில் ஒட்டிவிட வேண்டும். துணியின் பின்பக்கம் முதலில் மெல்லிய தாளை ஒட்டிக்கொண்டால் வெட்டும்போது இழை பிரியாது. பசை கொஞ்சமாக இருக்கட்டும், பட்டில் ஊறினால் கறை தெரியும். அம்மாவின் கிழிந்த புடவையிலிருந்து ஒரு விரல்கடை துணி தங்கையின் அட்டைக்குப் போனால், அவள் அதைப் பார்க்கும் பார்வையே வேறு.

*

மையைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலையில் இறங்க முடியாது.

பல வீட்டு இங்க்ஜெட் பிரிண்டர்களில் இருப்பது நீரில் கரையும் சாய மை. ஈரத் தூரிகை பட்டால் கோடு கசிந்து முகமெல்லாம் சாம்பல் படரும். அதே கோடு நன்றாகக் காய்ந்திருந்தால், ஆல்கஹால் மார்க்கர் மேலே ஓடினாலும் பொதுவாக ஒன்றும் ஆகாது. லேசர் பிரிண்டரிலும் ஜெராக்ஸ் கடையிலும் இருப்பது டோனர். அது சூட்டில் உருகித் தாளின் மேல் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பொடி. தண்ணீரால் அதை அசைக்க முடியாது. ஆல்கஹால் இளக்கிவிடும், மார்க்கரின் நுனி கறுத்து, அடுத்துத் தொடும் மஞ்சளையும் அழுக்காக்கும். ஆகவே மார்க்கர் என்றால் இங்க்ஜெட், நீர்வண்ணம் என்றால் லேசர். கலர் பென்சிலுக்கு இரண்டும் சரி. வீட்டில் பிரிண்டர் இல்லாதவர்கள் தயங்க வேண்டியதில்லை, தெருமுனை ஜெராக்ஸ் கடையும் பன்னிரண்டு கலர் பென்சிலும் போதும்.

இங்க்ஜெட்டிலேயே நிறமி மை போடும் பிரிண்டர்கள் உண்டு. அவற்றின் கோடு ஈரத்தை ஓரளவு தாங்கும். எதுவானாலும், ஒரு துண்டுத் தாளில் சின்னதாக அச்சிட்டு மறுநாள் தொட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மறுநாள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கார்த்திகை மழைக்காற்றில் மை சீக்கிரம் காயாது. தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் மேசையில் பரப்பிவிட்டு, மின்விசிறியை மெதுவாக வைத்துவிட்டு, இரவு அப்படியே விட்டுவிடுவேன். வண்ணமில்லாத படங்களைக் காலையில் பார்க்கும்போது எந்த நிறம் எங்கே என்று பாதி தெளிந்திருக்கும்.

*

கடையில் ஐவரி அட்டை என்று கேட்டால் வழவழப்பான வெள்ளைத் தாள் கிடைக்கும். 200 முதல் 250 ஜி.எஸ்.எம். கனம் வாழ்த்து அட்டைக்கு ஏற்றது. ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒரு பாதியை மடித்தால் 105க்கு 148 மில்லிமீட்டர் அட்டை வரும். தாளுக்கு இழையோட்டம் உண்டு. இழையோடு மடித்தால் மடிப்பு சீராக விழும். குறுக்கே மடித்தால் விளிம்பு வெடித்து நார் தெரியும். மடிக்காமல் இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்த்தால் எது இணங்குகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

படத்தை மடிக்கும் அட்டையில் நேராக அச்சிடுவதைவிடத் தனித் துண்டில் அச்சிட்டு ஒட்டுவது மேல். ஆல்கஹால் மார்க்கர் தாளைத் துளைத்துப் பின்பக்கம் இறங்கும், அட்டையின் உள்பக்கத்தில் கறை எழுந்துவிடும். 95க்கு 138 மில்லிமீட்டர் துண்டு என்றால் சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் வெள்ளைக் கரை நிற்கும். அந்த அகலத்துக்கு 300 டி.பி.ஐ. தெளிவில் அச்சிட, படம் ஏறக்குறைய 1,120 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். அதைவிட மிகச் சிறிய கோப்பை இழுத்துப் பெரிதாக்கினால் கோட்டின் ஓரம் படிக்கட்டாகச் சிதையும்.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத்தை மடிக்கும் அட்டையாக வைத்துக்கொள்வது எனக்குப் பிரியம். பருத்தித் துணியிலிருந்து செய்த தாள், தொட்டால் சற்றே சொரசொரப்பு. அதன்மேல் இங்க்ஜெட் கோடு பரவிவிடும் என்பதால் படத்துக்கு ஐவரி, உடம்புக்குக் கைக்காகிதம்.

*

வண்ணம் தொடங்குமுன் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்ய வேண்டும். கோட்டோவியத்தில் வெளிச்சம் கிடையாது. வரைந்தவர் அதை நமக்கென்று விட்டுவைத்திருக்கிறார். தாளின் மூலையில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்வேன். அம்பு வரும் பக்கம் வெளிச்சம், எதிர்ப்பக்கம் நிழல். பானையின் வயிற்றுக்குக் கீழே, மடித்த முழங்கையின் உட்புறம், மோவாய்க்கு அடியில், புடவை மடிப்பின் ஆழத்தில்.

ஆல்கஹால் மார்க்கரில் ஒரு பகுதிக்கு ஒரே குடும்பத்தின் மூன்று சாயல் போதும். வெளிறியதை முதலில் முழுக்கப் பூசி, காயுமுன் நிழல் பக்கத்தில் அடர்ந்ததை வைத்து, நடுச்சாயலால் இரண்டையும் இணைத்து, கடைசியில் மறுபடி வெளிறியதால் ஒரு தடவு. ஜப்பானில் 1987இல் வந்த கோப்பிக் மார்க்கர்களின் மூடியில் எழுத்தும் எண்ணும் இருக்கும். எழுத்து நிறக் குடும்பத்தைச் சொல்லும், கடைசி இலக்கம் கூடக் கூட அந்த நிறம் அடரும். அதைப் பார்த்து இரண்டு மூன்று எண் இடைவெளி விட்டு எடுத்தால் சாயல்கள் முரண்டாமல் கலக்கும். விலை கூடுதல்தான். ஆனால் அந்த மூன்று சாயல் முறை எந்த மார்க்கருக்கும் பொருந்தும்.

எனக்கு மனம் அடங்குவது கலர் பென்சிலில். கையை அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாக ஒரு படலம், அதன்மேல் இன்னொரு படலம். தாளின் சொரசொரப்பு நிரம்பிவிட்டால் பென்சில் மேலே ஏறாது, வழுக்கும். ஆகவே அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. ஒரு மாம்பழத்துக்கு மஞ்சளில் தொடங்கி, ஆரஞ்சில் நடந்து, காம்பருகே கொஞ்சம் பச்சைக்கு வந்து, கடைசியில் மஞ்சளாலேயே எல்லாவற்றையும் மூடும் வரை கை ஒரே ஓட்டத்தில் போய்க்கொண்டிருக்கும். பேச்சு நின்றுவிடுகிறது. இந்தப் பழம் யாருக்கோ அந்த ஒருவர் மட்டும் மனதில் உட்கார்ந்திருக்கிறார்.

*

மடிப்பு இடது பக்கம் இருக்கும் அட்டையில், படத்திலிருப்பவர் இடப்புறம் பார்த்தால் அட்டையை விட்டுப் போகிற மாதிரி தோன்றும். வலப்புறம் திருப்பிவிட்டால் பார்வை திறக்கும் பக்கம் போகும், அட்டையைப் பிரிக்கச் சொல்லும். கணினியில் ஒரே சொடுக்கில் ஆகிற காரியம்.

புடவை கட்டிய பெண்ணைத் திருப்பும்போது மட்டும் நிதானம் வேண்டும். இடது தோளில் கிடந்த தலைப்பு வலது தோளுக்குப் போய்விடும். ஊரில் இருக்கும் பெரியம்மா முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார். அந்த மாதிரிப் படத்தைத் திருப்பாமல், அட்டையின் வலது ஓரத்துக்கு நகர்த்தி, அவள் முகத்துக்கு முன்னால் வெற்றிடம் விட்டால் போதும். பார்ப்பதற்கு அவளுக்கும் ஒரு வெளி வேண்டும்.

இரண்டு படங்களைச் சேர்ப்பதும் இப்படித்தான். பின்னால் நிற்பவரின் கோடுகளில் முன்னால் இருப்பவர் மறைக்கும் பகுதியை அழித்துவிட வேண்டும். பி.என்.ஜி. கோப்பில் பின்னணி ஒளிபுகும்படி இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று வைக்கலாம். ஜே.பி.ஜி. கோப்பில் வெள்ளைச் சதுரம் கூடவே வரும். சேர்த்த பிறகு காலடியில் ஒரு நிழல் போட்டால்தான் ஆட்கள் தரையில் நிற்பார்கள்.

*

விற்பனைக்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஸ்டாம்புகளில் பெரும்பாலும் பனிமனிதன், கரடிப் பொம்மை, கேக், கலைமான். அழகாகத்தான் இருக்கின்றன, கிறிஸ்துமஸுக்கு நானும் எடுக்கிறேன். பொங்கலுக்கு அவை உதவா. ஒருகாலத்தில் தை பிறக்கும் முன்பே கடை வாசல்களில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் தொங்கும். உழவர், மாடு, முருகன், சினிமா நடிகர் எல்லாரும் அதில் வருவார்கள். அந்த அட்டைகள் இன்று அரிதாகிவிட்டன. நம் கரும்பையும் பானையையும் நாமே கோடாக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அது கடினமல்ல. வெள்ளைத் தாளில் கறுப்பு ஜெல் பேனாவால் கோடு விட்டுப்போகாமல் வரைந்து, 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் நடுவே உள்ள சாம்பல் சாயல்களை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக மட்டும் நிறுத்த வேண்டும். தாளின் பழுப்பும் பேனாவின் தூசும் போய்விடும். இங்க்ஸ்கேப்பில் அதை வெக்டர் கோடாக மாற்றிவிட்டால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாது. பாட்டி போடும் நெளிக்கோலத்தைப் பார்த்து வரைந்து இப்படி வைத்துக்கொண்டால், அவர் கைக்கோடு வீட்டில் எல்லாருக்கும் ஸ்டாம்பாகக் கிடைக்கும். அந்தக் கோப்புக்கு அவர் பெயரையே வையுங்கள்.

கோலத்துக்கு ஒரு அருமையான உத்தி இருக்கிறது. லேசரில் அச்சிட்ட கோலத்தின் மேல் டோனருக்கென்று விற்கும் பொன் ஃபாயில் தாளை வைத்து, ஒரு வெள்ளைத்தாளை மடித்து அதற்குள் செருகி, லேமினேஷன் இயந்திரத்தில் விட வேண்டும். சூட்டில் டோனர் இளகி, கோடு இருக்கும் இடத்தில் மட்டும் பொன் ஒட்டிக்கொள்ளும். ஃபாயிலை உரிக்கும்போது காவி நிறத் தாளில் பொன்கோலம் எழும்புவதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

கரும்புக்கு வண்ணம் தீட்டும்போது பச்சையை எடுக்காதீர்கள். பொங்கலுக்கு வாசலில் சாத்துவது பன்னீர்க் கரும்பு, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். கணுவுக்குச் சற்றுக் கீழே மாவு பூத்தாற்போல் ஒரு வெளிறிய வளையம் இருக்கும். அந்த வளையத்தில் தாளை வெறுமையாக விட்டு, இரண்டு பக்கமிருந்தும் ஊதாவை மங்க வைத்து நிறுத்தினால் அது நம்மூர்க் கரும்பாகிவிடும்.

*

இனி ஆட்கள்.

பார்வை மங்கியவர்களுக்குப் படம் ஒன்றே போதும், பெரிதாக, கோடு தடித்து. அச்சிட்ட கோட்டின் மேல் எம்பாஸிங் பேனாவை ஓட்டினால் அதன் மை சீக்கிரம் காயாமல் இருக்கும். அதன்மேல் எம்பாஸிங் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிக் கொட்டிவிட்டு, ஹீட் கன்னால் சூடு காட்டினால் பொடி உருகிக் கோடு மேடாகும். விரலால் தடவிப் பார்த்துப் பானை என்று சொல்லிவிடலாம். 

குழந்தைகளுக்குப் பாதி வண்ணம் தீட்டி அனுப்புவேன். மாட்டுக்கு நான் நிறம் போட்டால், கொம்பும் சலங்கையும் மாலையும் அவர்களுக்கு. ஒரு பிரதி முழுக்க வெறுமையாக உள்ளே வைத்தால் அது திரும்பி வரும், நிறம் ஏறி, எனக்கே வாழ்த்தாக.

துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. அவர்களுக்குப் பொங்கல் அட்டை போகக் கூடாது. ஆனால் ஒன்றும் அனுப்பாமல் இருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குக் கோடில்லா வண்ணம் என்ற முறை உதவுகிறது. படத்தின் கறுப்பைக் கணினியில் மிக வெளிறிய சாம்பலாகக் குறைத்து அச்சிட்டால் கோடு கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும், வழிகாட்ட மட்டும் போதும். அதற்குள் பென்சிலால் மெல்ல நிறமேற்றும்போது கோடு மறைந்து, ஒரு நந்தியாவட்டைக் கிளை தானாக அங்கே இருப்பதாகிவிடும். எந்த எழுத்தும் வேண்டாம் மேலே. உள்ளே இரண்டு வரி கையால் எழுதினால் போதும். இந்த அட்டைக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு அடுக்கு அட்டை பிடிக்கும். ஒரே படத்தைப் பல பிரதி அச்சிட்டு, முன்னால் இருப்பவற்றை மட்டும் தனித்தனியே வெட்டி, ஃபோம் டேப்பால் ஒன்றன்மேல் ஒன்று உயர்த்தி ஒட்டுவது. வெட்டிய விளிம்பின் வெள்ளையை அதே நிற மார்க்கரால் தடவிவிட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் வெள்ளைக் கீற்று நிற்கும்.

*

ஒரு வேண்டுகோள். ஸ்டாம்ப் கோப்பை ஒருவர் வரைந்து, சுத்தம் செய்து, விற்றுத்தான் பிழைக்கிறார். வாங்கிய கோப்பிலிருந்து அட்டை செய்து கொடுக்கலாம். கைவேலை அட்டைகளை விற்கக்கூடச் சிலர் அனுமதிக்கிறார்கள், உரிம விதியில் எழுதியிருக்கும், படித்துக்கொள்ள வேண்டும். கோப்பையே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது அவர் கூலியை எடுத்துக்கொள்வது. தோழி கேட்டால் அச்சிட்ட தாளும் வேண்டாம், கடையின் பெயரைச் சொல்லுங்கள்.

*

250 ஜி.எஸ்.எம். அட்டை மடித்தபின் ஏறக்குறைய 8 கிராம். மேலே ஒட்டிய படத்துண்டும் உறையும் சேர்ந்தால் 15 கிராம் வாக்கில் வரும். உள்நாட்டுக் கடிதத்துக்கு 20 கிராம் வரை ஒரே கட்டணம் என்பதால் ஃபோம் டேப்புக்கும் மணிக்கும் இன்னும் கொஞ்சம் இடமிருக்கிறது. உறையில் தபால்தலை ஒட்டும் மூலைக்கு நேர் உள்ளே மேடான எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், முத்திரை அங்கேதான் விழும். முகவரியைத் தண்ணீரில் கரையாத பேனாவால் எழுதி, ஆறு இலக்கப் பின்கோடையும் போட்டு, பொங்கலுக்குப் போகும் வெளியூர் அட்டைகளை ஜனவரி முதல் வாரத்திலேயே தபாலில் சேர்த்துவிடுங்கள்.